கேட்டதைப் பென்சிலில் எழுதிய சாமியார்

தைப்பூசத்துக்கு இருபது நாள் இருந்தது, நான் விரதத்தில் இருந்தேன். காப்பார் சாலையில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு ஃபாதரைக் கூட்டிப் போயிருந்தேன். இலங்கையிலிருந்து மலேசியாவுக்கு வந்த அகதிக் குடும்பம். ஃபாதர் வருகிறார் என்று தெரிந்து அந்த வீட்டு அம்மா மீன் குழம்பு வைத்து, நண்டும் வறுத்திருந்தார். தினமும் அப்படிச் சமைக்கிறவர்கள் இல்லை என்பது வீட்டைப் பார்த்தாலே தெரிந்தது. விரதம் என்று நான் சொன்னால் அவர் முகம் வாடிவிடும். சொல்லாமல் சாப்பிட உட்காரவும் முடியாது. தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஃபாதர் சட்டியைத் திறந்து நன்றாக மோந்து பார்த்தார். "தங்கச்சி, வாசனை ஆளைத் தூக்குது. இதைப் பிள்ளைங்களுக்கு எடுத்து வைங்க. இன்னிக்கு எங்க ரெண்டு பேருக்கும் ரசமும் சோறும் போதும்," என்றார்.

பெரியவருக்கு வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்து அந்த அம்மா ஓடிப் போய் ரசம் வைத்தார். என் பக்கம் யாரும் பார்க்கவே இல்லை. ஃபாதர் போர்ட் கிள்ளானில் மீன் வாடையிலேயே பிறந்து வளர்ந்தவர். மீன் இல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. படியில் இறங்கும்போது, "எனக்காகவா ஃபாதர்?" என்று கேட்டேன். "படி ஈரமா இருக்கு, பார்த்து வா," என்றார். தைப்பூசம் முடியும்வரை என்னோடு எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் சைவம்தான் சாப்பிட்டார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அவர் பெயர் மதலைமுத்து. கிள்ளானில் மாதா கோயிலுக்குப் பின்னால், ஒரு கட்டிலும் மேசையும் இருந்த சின்ன அறையில் தங்கியிருந்தார். ஓய்வு பெற்ற சாமியார் என்று சொல்வார்கள். அவர் ஓய்வாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நான் கும்பிடுவது முருகனை. ஆனால் ஆறு வருடம் என் பள்ளி வேனில் அவரை ஏற்றி இறக்கியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

காலை ஏழரைக்குப் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியில் விட்டுவிட்டால் மதியம் வரை வேன் சும்மா நிற்கும். ஒரு நாள் மாதா கோயில் எதிரே நிறுத்தி, பிள்ளைகள் சிந்திய பிஸ்கட் தூளைக் கூட்டிக்கொண்டிருந்தேன். ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கிற பெரியவர் ஒருவர் வந்தார்.

"ஷா ஆலம் பக்கம் போறீங்களாம்மா?"

"இது ஸ்கூல் வேன், அங்கிள். பெரியவங்களை ஏத்தினா பெர்மிட் போயிடும்."

"பையில நோட்டு இருக்கு, பேனா இருக்கு, பென்சிலும் இருக்கு. இன்னும் என்ன வேணும்?"

சிரித்துவிட்டேன். ஏற்றிக்கொண்டேன். முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்ட மூன்று பேரைப் பார்க்க, ஷா ஆலத்தில் ஒரு தொழிற்சாலை விடுதிக்குத்தான் அவர் போனார். நான் கதவோரம் நின்று கேட்டேன். அவர்களை அவர் அவசரப்படுத்தவில்லை. ஒவ்வொருவரையும் தனித்தனியாக உட்கார வைத்து, "இது நீ பார்த்ததா, கேட்டதா?" என்று கேட்டுக் கேட்டு எழுதினார். அவர் அந்தக் கேள்வியைக் கேட்பதை அதற்குப் பிறகு எத்தனையோ இடத்தில் பார்த்துவிட்டேன்.

அவருடைய அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். ஃபாதர் படித்து, வெளிநாடுகளுக்குப் போய் ஊழியம் செய்கிற ஒரு சபையில் சேர்ந்தார். சபை அவரை இலங்கைக்கு அனுப்பியது. வன்னியில் கடலோரமாக ஓர் ஊர், அங்கே ஒரு சின்னக் கோயில். இரண்டு வருடம் இருந்துவிட்டு வா என்றுதான் அனுப்பினார்கள். அதற்குள் அங்கே சண்டை மூண்டுவிட்டது. திரும்பி வரச் சொல்லிக் கடிதம் போகும். சனங்கள் இருக்கிறார்கள், நான் எப்படி வருவேன் என்று பதில் வரும். இருபத்தாறு வருடம் ஓடிவிட்டது. "மலேசியா பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையில வச்சுக்கிட்டே பதுங்கு குழியில உட்கார்ந்திருந்தேன்லா. அதுவும் என்கூடவே நனைஞ்சு காய்ஞ்சுச்சு," என்பார். குண்டுச் சிதறல் பட்டு ஒரு கால் போன மாதிரி ஆனதும், ஒரு காது கேட்காமல் போனதும் அங்கேதான். கடைசியில் விசா கொடுக்காமல் அனுப்பிவிட்டார்கள்.

அங்கே அவர் பூசை வைத்த நேரத்தைவிட எழுதிய நேரம் அதிகம். மகனைக் காணோம், புருசனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று கோயில் வாசலில் வந்து நிற்பவர்கள் சொன்னதை எல்லாம் பள்ளிக்கூட நோட்டில் எழுதினார். பிடித்துக்கொண்டு போனது யாராக இருந்தாலும் எழுதினார். அதனால் துப்பாக்கி வைத்திருந்த எந்தப் பக்கத்துக்கும் அவரைப் பிடிக்காது. மனித உரிமை என்று பெரிய மண்டபங்களில் பேசுகிறார்களே, அந்த வேலையை அவர் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் நோட்டும் கையுமாகச் செய்தார்.

எழுதுவதில் அவருக்கு ஒரு முறை உண்டு. தன் கண்ணால் பார்த்ததைப் பேனாவால் எழுதுவார். பார்த்தவர் எதிரே உட்கார்ந்து முழுசாகச் சொல்லி, கையெழுத்தும் போட்டால் அதுவும் பேனா. மற்றதெல்லாம் பென்சில். பென்சில் வரிக்குப் பக்கத்தில் யார் சொன்னது என்ற பெயரும் இருக்கும். பின்னால் உண்மை தெரிந்தால் அந்தப் பென்சில் வரியின் மேலேயே பேனாவை ஏற்றுவார். அழிப்பான் அவர் வைத்துக்கொள்வதில்லை. ஊருக்குத் திரும்பும்போது அவர் கொண்டுவந்த பெட்டியில் துணி கொஞ்சம், நோட்டு பதினொன்று.

அந்த முறை எவ்வளவு கடினமானது என்று எனக்குத் தெரிய வந்தது ரமணியின் விஷயத்தில்.

ரமணி அதே வன்னி ஊர்க்காரி. பண்டமாரானில் ஒரு தையல் கடையில் வேலை செய்துகொண்டு, எட்டு வயது மகள் வாணியோடு ஓர் அறையில் இருந்தாள். புருசன் பெயர் வாசு. வாணி கைக்குழந்தையாக இருந்தபோது, சண்டை நெருங்கிவந்த நேரத்தில், ஊர்ச் சனமெல்லாம் ஃபாதருடைய கோயிலில் அடைந்து கிடந்திருக்கிறார்கள். குழந்தைக்குப் பால்மா தேடிக்கொண்டு வெளியே போன வாசு திரும்பி வரவில்லை. யாரோ பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று கேள்வி. அடுத்த நாள் எல்லோரும் அங்கிருந்தும் ஓட வேண்டியதாகிவிட்டது.

ஒரு காலை நாங்கள் போனபோது ரமணி ஒரு கடிதத்தை நீட்டினாள். அகதிகள் காரியத்தைப் பார்க்கிற அலுவலகத்திலிருந்து வந்தது. கணவர் பிடித்துச் செல்லப்பட்டதற்கு ஆதாரம் போதாது, கோப்பை மூடப் போகிறோம், முப்பது நாளுக்குள் மறுபடி முறையிடலாம் என்று இருந்தது. அதில் ஒன்பது நாள் ஏற்கனவே போய்விட்டது. கோப்பை மூடினால் கையில் இருக்கிற அகதி அட்டை செல்லாது. அட்டை இல்லாமல் ஒரு போலீஸ் ரோடு பிளாக்கில் மாட்டினால் தாயும் மகளும் தடுப்பு முகாம்தான். அங்கிருந்து அந்த ஊருக்கே திருப்பி அனுப்பினாலும் அனுப்பலாம்.

"ஃபாதர், நீங்கள் கண்டனீங்கள் எண்டு ஒரு வரி எழுதினால் காணும்," என்றாள் ரமணி. "நீங்கள் சொன்னால் அவை நம்புவினம்."

ஃபாதர் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துப் பக்கத்தைத் திருப்பினார். நானும் எட்டிப் பார்த்தேன். பென்சில். 'வாசு. ஆயுதத்தோடு இரண்டு பேர். வெள்ளை வாகனம். கேட்டது, விமலன், ஓடிக்கொண்டே சொன்னது.' அவ்வளவுதான்.

"நான் அப்ப காயப்பட்ட ஒரு பொம்பளையத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக் கூடாரத்துக்குப் போயிருந்தேன், ரமணி. திரும்பி வர ரெண்டு மணி நேரம் ஆச்சு. நான் பார்க்கல."

"எனக்குத் தெரியும் ஃபாதர். அவைக்குத் தெரியாதுதானே?"

எனக்கே பொறுக்கவில்லை. "ஃபாதர், நடந்தது நடந்ததுதானே? பொய் இல்லையே. பேனாவால எழுதிடுங்களேன். ஒரு வரிதானே," என்றேன்.

அவர் கோபப்படவில்லை. நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, தான் செய்த ஒரு தப்பைச் சொன்னார்.

பல வருடத்துக்கு முந்தி, அவர் அங்கே போன புதிதில், ஒரு மீனவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று அந்த ஆளின் மனைவி கோயில் வாசலில் விழுந்து அழுதாள். அவள் அழுகையைப் பார்த்து மனசு தாங்காமல், நான் பார்த்தேன் என்று ஃபாதர் பேனாவால் எழுதிவிட்டார். அந்த நோட்டில் மொத்தம் நாற்பத்தொரு பேர். ஒரு விசாரணைக் குழு வந்தது. நோட்டைக் கொடுத்தார். ஆறு மாதம் கழித்து அந்த மீனவர் வேறோர் ஊரில் உயிரோடு இருப்பது தெரிந்தது. அவராகவே கிளம்பிப் போயிருக்கிறார்.

"இவர் எழுதினதுல ஒண்ணு பொய்னா மத்ததும் பொய்தான்னு நோட்டை மூடிட்டாங்க. மிச்ச நாப்பது பேரும் நெசமாவே காணாமப் போனவங்க. அவங்களைத் தேடறதுக்கு இருந்த ஒரே கடுதாசி அது," என்றார் ஃபாதர். "அந்த நாப்பது வீட்டு அம்மாமாரும் அதுக்கப்புறமும் பூசைக்கு வந்து முன்னால உட்காருவாங்க. நான் அவங்க பக்கம் திரும்பி நின்னு பிரசங்கம் பண்ணணும்."

 வாணி தையல் துண்டுகளை வைத்து ஏதோ விளையாடிக்கொண்டிருந்தாள்.

"எழுத மாட்டேன்னு நான் சொல்லலம்மா," என்றார் ஃபாதர். "பார்த்தவனைக் கூட்டிட்டு வர்றேன்னு சொல்றேன். விமலன் மலேசியாவுலதான் இருக்கான்னு ரெண்டு பேர் சொல்லிட்டாங்க. இருபத்தோரு நாள் இருக்கு. கிள்ளான்ல இருந்து கோலாலம்பூர் வரைக்கும் இருபத்தோரு நாள்ல ஒரு ஆளைக் கண்டுபிடிக்க முடியாதா?"

வாசு போன அன்றைக்கு நடந்ததை அவர் ரமணியிடம் மறுபடி கேட்டு எழுதினார். அதில் ஒரு விஷயம் எனக்குப் புதிது. அன்று சாயங்காலம் கோயில் படியில் ஒரு பால்மா டின் இருந்ததாம், உடைக்காத டின். யார் வைத்தது என்று ரமணிக்குத் தெரியாது. மூன்று வாரம் வாணி அதைக் குடித்துத்தான் உயிரோடு இருந்திருக்கிறாள். இதை அலுவலகத்தில் முதல் விசாரணையிலேயே ரமணி சொல்லியிருக்கிறாள். கோப்பில் எழுதியிருக்கிறார்கள்.

வேனில் ஏறியதும், "எங்கேருந்து தேடறது ஃபாதர்?" என்றேன்.

"விமலன் அங்க கூரை வேலை செய்யறவன். அன்னிக்கும் கோயில் கூரையில தார்ப்பாய் கட்டிக்கிட்டு இருந்தான். இங்க வந்தும் கூரை மேலதான் இருப்பான். பிரிக்பீல்ட்ஸுக்கு விடு."

பிரிக்பீல்ட்ஸில் அவருக்குத் தெரிந்த ஹார்ட்வேர் கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் சாத்தப்பன் செட்டியார். ஃபாதரைக் கண்டதுமே கையெடுத்துக் கும்பிட்டார்.

"என்ன சாமி, கோயில் கூரைக்கு நன்கொடையா? போன வருசம்தான் குடுத்தேன். அதுவும் உங்க கோயிலுக்கு."

"கூரை வேணாம் செட்டியார். கூரை மேல ஏறுறவன் வேணும்."

"இப்ப ஏறுறதெல்லாம் பங்களாதேஷ்காரங்கதான்."

"சிலோன்காரன் ஒருத்தன். பேரு விமலன். ஆணியை வாயில கடிச்சுக்கிட்டே பேசுவான்."

செட்டியார் நெற்றியைத் தடவினார். "அப்படி ஒருத்தன் வருவான். ஸ்க்ரூ வாங்க வந்தா ஒவ்வொண்ணா மறையைத் திருகிப் பார்ப்பான். பின்னால வரிசை நிக்கும். எனக்குக் கோபம் வரும். ஆனா அவன் போட்ட கூரை ஒழுகுதுன்னு எவனும் வந்து சொன்னதில்ல. சுங்கை வேயில வேலையாளுங்க தங்கற வீடு ஒண்ணு இருக்கு, அங்க கேட்டுப் பாருங்க."

மறுநாள் சுங்கை வே. அந்த வீட்டுக்கார அம்மா கதவைக் கால்வாசி திறந்து, "இமிகிரேஷனா நீங்க?" என்றார்.

"இமிகிரேஷன் ஸ்கூல் வேன்லயா வரும், அக்கா?" என்றேன்.

வேனை ஒரு முறை, ஃபாதரின் தேய்ந்த செருப்பை ஒரு முறை பார்த்தார். அதற்குப் பிறகுதான் முழுக் கதவும் திறந்தது. விமலன் இந்த வாரம் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு புதுத் தொழிற்சாலைக்குக் கூரை போடுகிறான், அங்கேயே தங்கியிருக்கிறான் என்றார்.

அன்றைக்கு நேரம் போதவில்லை, பள்ளி விட்டுவிடும். மூன்றாம் நாள் காலை அங்கே போனோம். இரும்புத் தூண்களுக்கு மேலே பாதிவரை தகரம் ஏறியிருந்தது. உச்சியில் நாலைந்து பேர் சின்னச் சின்னதாகத் தெரிந்தார்கள். ஃபாதர் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். பிறகு, அந்த வயதில் அப்படி ஒரு குரல் அவருக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது.

"விமலன்! கூரை இன்னும் ஒழுகுதா?"

மேலே ஒருவன் அப்படியே நின்றான்.  பிறகு பதில் வந்தது. "நீங்கள் தந்த தார்ப்பாய் அப்பிடி, ஃபாதர்."

இறங்கி வந்து காலில் விழப் போனவனை ஃபாதர் தோளைப் பிடித்து நிறுத்தினார். முப்பத்தைந்து வயது இருக்கும், வெயிலில் கறுத்து மெலிந்திருந்தான். ஒரு கொள்கலனின் நிழலில் பலகை போட்டு உட்கார்ந்தோம். ஃபாதர் வந்த காரியத்தைச் சொன்னார். வாசுவின் மனைவி முறையிட்டிருக்கிறாள், பார்த்தவர் ஒருவர் வேண்டும் என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

விமலன் தலையை ஆட்டினான். "ஏலாது ஃபாதர். எனக்கு அட்டை இல்லை. பதிஞ்சதே இல்லை. நான் அந்த அகதிக் கந்தோர் வாசலுக்குப் போறதுக்கிடையில பொலிஸ் அள்ளிக்கொண்டு போயிடும்."

எனக்கு மனசு பதறியது. இன்னும் கொஞ்சம் எடுத்துச் சொன்னால் வந்துவிடுவான் என்று தோன்றியது. "தம்பி, அந்தப் புள்ளைய நினைச்சுப் பாருங்க. அன்னிக்குப் படியில இருந்த..." என்று ஆரம்பித்தேன்.

"காமாட்சி," என்றார் ஃபாதர். "வேன்ல தண்ணி இருக்கா, பாரு."

தண்ணீர் அவர் காலடியிலேயே இருந்தது. அவர் என்னை அப்படிப் பாதிப் பேச்சில் நிறுத்தியதே இல்லை. முகம் சுருங்கிப் போய் எழுந்து போனேன். வேனில் உட்கார்ந்து முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது ஃபாதர் அவனிடம், "நீ வரலைன்னா உன்னைக் குறை சொல்ல மாட்டேன். பயம் எனக்குத் தெரியும். ஆனா நீ பார்த்ததை எங்கிட்ட ஒரு தடவை உட்கார்ந்து சொல்லு. அன்னிக்கு நீ ஓடிக்கிட்டேதான் சொன்னே," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

விமலன் நோட்டையே பார்த்தான். "என்ர அக்கான்ர பேர் இதில இருக்கோ?"

ஃபாதர் தேடவில்லை. எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவள் ஷெல் விழுந்து இறந்ததாகப் பென்சிலில் ஒரு வரி. அந்த வரியின் மேல் விமலன் விரலை வைத்தான். "இதை நான் கண்டனான். நான்தான் குழி வெட்டித் தாட்டனான். ஒருத்தரும் என்னட்டக் கேக்கேல்லை."

அக்காவைப் பற்றி அவன் முதலில் சொன்னான். ஃபாதர் பென்சிலின் மேல் பேனாவை ஏற்றினார். விமலன் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதை ஊதி ஊதிக் காயவைத்தான், அந்த மை ஊதாமலே காய்கிற மை என்றாலும்கூட. அப்புறம் தானாகவே வாசுவைப் பற்றி ஆரம்பித்தான்.

கூரையிலிருந்து எல்லாம் தெரிந்ததாம். வாசு ஒழுங்கை வழியாக ஓடி வந்தான். கோயில் வாசலில் வெள்ளை வாகனம் மறித்தது. இரண்டு பேர் இறங்கினார்கள். "ஏதோ கெஞ்சினவர். ஒரு நிமிசம் விட்டவங்கள். படிக்கு வந்து சட்டைக்குள்ள இருந்து ஒரு டின்னை எடுத்து வச்சார். பால்மா டின். வச்சிட்டுத் திரும்பிப் போய்த் தானே வாகனத்தில ஏறினவர்."

 அந்த டின்னைப் பற்றித்தான் நான் சொல்ல வாயெடுத்தேன். நான் சொல்லி அவன் கேட்டிருந்தால், அது அவன் பார்த்ததாக இருந்தாலும், நாங்கள் சொல்லிக் கொடுத்ததாகத்தானே ஆகியிருக்கும். ஃபாதர் என் பக்கம் திரும்பாமல் எழுதிக்கொண்டே இருந்தார். எழுதி முடித்துக் கையெழுத்து வாங்கியதும் விமலன் கேட்டான்.

"எப்ப போகோணும், ஃபாதர்?"

முறையீட்டு மனுவை அனுப்பினோம். ரமணி கடிதம் காட்டியதிலிருந்து பதினேழாம் நாள் காலை பத்து மணிக்கு வரச் சொன்னார்கள். அன்றைக்குப் பிள்ளைகளை ஏற்ற வேறொரு வேன்காரரிடம் சொல்லி வைத்தேன். முதலில் கிள்ளானில் ரமணியையும் வாணியையும் ஏற்றிக்கொண்டு போய் அலுவலகத்தில் இறக்கினேன். அப்புறம் திரும்பிப் போய்ச் சுங்கை வேயில் விமலனை ஏற்றினேன். இரண்டு பேரும் முன்கூட்டியே பேசிக்கொள்ளக் கூடாது என்பது ஃபாதரின் கட்டளை. வழியில் ஒரு ரோடு பிளாக் இருந்தது. விமலன் பின் சீட்டில் பிள்ளைகளின் குடைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். ஃபாதர் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். போலீஸ்காரர் மஞ்சள் வேனைப் பார்த்துக் கையை அசைத்துப் போகச் சொன்னார். ஃபாதர் அவரைப் பார்த்து, "தெரிமா காசே, துவான்," என்று மலாயில் சிரித்த முகமாக நன்றி சொன்னார். விமலனின் உள்ளங்கை வேர்வை தன் கையை நனைத்துவிட்டதாகப் பிறகு சொன்னார்.

அலுவலகத்தில் ரமணியை ஓர் அறைக்கும் விமலனை இன்னோர் அறைக்கும் கூப்பிட்டார்கள். இரண்டு மணி நேரம். நானும் ஃபாதரும் வாணியும் வெளியே இருந்தோம். அவர் வாணிக்குக் காகிதத்தில் படகு செய்து காட்டினார். நான் கந்தர் சஷ்டி கவசத்தை மூன்று தடவை சொல்லிவிட்டேன். "பயமா இருக்கா ஃபாதர்?" என்றேன். "எதுக்கு? ரெண்டு பேரும் பார்த்ததைத்தானே சொல்லப் போறாங்க," என்றார்.

அதிகாரி ஒரு பெண்மணி. வெளியே வந்தபோது கையில் ரமணியின் பழைய கோப்பு இருந்தது. ஃபாதரிடம், "இந்த ஆளுக்கு டின்னைப் பத்தி யார் சொன்னது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"யாரும் சொல்லல. யார் வச்சதுன்னு அவருக்குத்தான் தெரியும். அந்த அம்மாவுக்கு இன்னும் தெரியாது," என்றார் ஃபாதர்.

அந்தப் பெண்மணி கோப்பில் ஏதோ குறித்தார். பிறகு, "சாப்பிட்டுட்டுப் போங்க, ரொம்ப நேரம் ஆயிடுச்சு," என்று மட்டும் சொன்னார். ஃபாதர் வாய்விட்டுச் சிரித்தார். நல்ல சேதி என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைக் கடையில் உட்கார்ந்தோம். அங்கேதான் ஃபாதர் விமலனிடம், "இப்ப சொல்லலாம்," என்றார்.

விமலன் இலையைப் பார்த்துக்கொண்டே ரமணியிடம் சொன்னான். டின்னை யார் வைத்தது என்று சொன்னான். ரமணி அழவில்லை. சோற்றில் வைத்த கையை எடுக்காமல் இருந்தாள்.

"அப்ப அது அவர் வச்சதோ?" என்றாள். "ஆரோ புண்ணியவான் வச்சதெண்டு நினைச்சு, எட்டு வருசமா வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை விளக்கு வச்சுக் கும்பிடுறன். ஆர் எண்டு தெரியாமலே கும்பிட்டன்."

வாணி அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து அவள் இலையில் வைத்தாள்.  ஃபாதர் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு மீன் குழம்பு இன்னும் கொஞ்சம் கேட்டார்.

மூன்று மாதத்தில் முறையீட்டை ஏற்றுக்கொண்டார்கள். மறு வருடம் ரமணியும் வாணியும் ஒரு குளிர் நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். விமலனுடைய கதையையும் ஃபாதர் எழுதிக் கொடுத்து, அவனுக்கும் அட்டை கிடைத்தது. கிளம்புகிறதுக்கு முதல் நாள் ரமணி மாதா கோயிலுக்கு வந்தாள். நெற்றியில் பொட்டு இருந்தது. அதைத் தொட்டுக்கொண்டு, "செத்துப் போனார் எண்டு வச்சுக்கொள்ளட்டோ ஃபாதர்? திதி குடுக்கட்டோ?" என்று கேட்டாள்.

வேறு யாராவது என்றால் சமாதானமாக ஏதோ ஒன்று சொல்லியிருப்பார்கள். நானே சொல்லியிருப்பேன். ஃபாதர், "எனக்குத் தெரியாது ரமணி," என்றார். "தெரிஞ்சுக்கிட்டு உனக்குச் சொல்றேன்."

அது வெறும் வாய்ப்பேச்சு என்று நான் நினைத்தேன். ஆனால் அவர் அன்றைக்கே சபைக்குக் கடிதம் எழுதிவிட்டார். இலங்கைக்குத் திரும்பிப் போக வேண்டும், பென்சில் வரிகள் நிறைய பாக்கி இருக்கின்றன என்று. வயதாகிவிட்டது, பினாங்கில் முதியோர் இல்லத்தில் இருங்கள் என்று பதில் வந்தது. மறுபடி எழுதினார். விசா இல்லை என்றார்கள். அதற்கும் எழுதினார். இரண்டு வருடம் விடாமல் எழுதி, கடைசியில் அனுமதி வாங்கிவிட்டார். அப்போது அவருக்கு எழுபத்து நான்கு வயது.

அங்கே போய் பதினான்கு மாதம் இருந்தார். ஒரு பெரியவரின் சைக்கிளுக்குப் பின்னால் உட்கார்ந்து வீடு வீடாகப் போனார் என்று கேள்வி. இதை நான் பார்க்கவில்லை. காய்ச்சலில் அந்தக் கடலோர ஊரிலேயே கண் மூடினார் என்று சபையிலிருந்து சேதி வந்தது. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். விமலன் கேட்டுவிட்டு அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. நான் முருகன் கோயிலில் அவர் பெயருக்கு ஓர் அர்ச்சனை செய்தேன். குருக்கள் நட்சத்திரம் கேட்டார். தெரியவில்லை என்றேன்.

அவர் கிளம்பிய காலை நான்தான் வேனில் கூட்டிப் போய்ச் சென்ட்ரல் ஸ்டேஷனில் விட்டேன். அங்கிருந்து விமான நிலையத்துக்கு ரயில். ஒரே ஒரு பெட்டி, தோளில் நோட்டுகள் இருந்த பை. பையை நான் தூக்குகிறேன் என்றேன், தரவில்லை. கூட்டம் அதிகமாக இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. "ரமணி மாசா மாசம் போன் பண்ணி உங்களைக் கேக்குமே ஃபாதர், நான் என்ன சொல்றது?" என்று கேட்டேன்.

ரயில் வந்து கதவு திறந்துவிட்டது. காலை இழுத்து உள்ளே வைத்து ஏறிக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி என் பக்கம் திரும்பினார்.

"ஃபாதர் வேலைக்குப் போயிருக்காருன்னு சொல்லு," என்றார்.